மேடைச் சண்டையும் எங்கள் பெண்பிள்ளைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முல்லைத்தீவுப் பக்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் ஊர் மாதர் சங்கத்து அக்காமாருக்கும் நாடகம் பழக்கி வருகிறேன். வாணி விழா வந்தால் மகிடாசுரன் வதை, தமிழ்த்தினப் போட்டி வந்தால் நாட்டுக்கூத்து, ஓகஸ்ட் வந்தால் வெள்ளைக்காரரோடு போரிட்ட வன்னி மன்னன் பண்டாரவன்னியன். எதை எடுத்தாலும் நடுவில் ஒரு சண்டை வந்து நிற்கும். அது வந்தவுடன் அம்மாமார், அதிபர்மார், பிள்ளைகள் என்று ஆளுக்கொரு கேள்வியோடு வருவார்கள். ஒரே பதிலைப் பத்துத் தரம் சொல்லித் தொண்டை கட்டிப்போனதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

மேடைச் சண்டை என்றால் என்ன? சும்மா அடிபடுகிற மாதிரி நடிப்பதுதானே?

காயம் வருவதே அந்தச் "சும்மா"வில்தான். மேடைச் சண்டையில் சும்மா எதுவும் நடக்காது. எந்தக் கால் முன்னே போகிறது, எத்தனையாவது தாளத்தில் கை எழும்புகிறது, வெட்டு எந்தப் பக்கத்தால் போகிறது, மற்றவர் எந்தப் பக்கம் விலகுகிறார் என்று எல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருக்கும். மேடையில் திடீரென்று ஒரு வெட்டைக் கூட்டிப் போட ஒருவருக்கும் உரிமை இல்லை.

இது எங்களுக்கு அந்நியமான சங்கதி அல்ல. எங்கள் நாட்டுக்கூத்தில் ஒரு வகையான வடமோடிக் கூத்துகளில் போர்க்கதைகள்தான் அதிகம். கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியார் தாளக்கட்டுச் சொல்ல, மத்தளம் ஏற ஏற, இரண்டு பேர் எதிரெதிரே ஆடி வருவார்கள். வெட்டு விழும் சத்தம் மத்தளத்திலிருந்து வரும், வாள் காற்றில்தான் போகும். விடிய விடிய ஆடியும் ஒருவருக்கும் கீறல் இருக்காது. அதைத்தான் நாங்களும் செய்கிறோம். வெளிநாட்டு முறைகளில் இருந்து கொஞ்சம் எடுத்துச் சேர்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பெண்கள் வாள் எடுத்து ஆடுவது எங்கள் வழக்கத்தில் இல்லையே?

பாதி உண்மை. பழைய கூத்தில் பெண் பாத்திரத்தையும் ஆண்கள்தான் ஆடினார்கள். வற்றாப்பளை அம்மனின் கதையைச் சொல்லும் கோவலன் கூத்தில் கண்ணகியும் மீசை மழித்த ஒரு அண்ணன்தான். ஆண்கள் சேலை கட்டி ஆடியபோது வழக்கம் கெட்டது என்று யாரும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. பெண்பிள்ளை வாளைத் தூக்கியவுடன் மட்டும் வழக்கம் ஞாபகம் வருகிறது.

கதைகளிலோ சண்டைக்காரிகளுக்குக் குறைவில்லை. நீன்முகனைக் கொன்று மதுரை அரசை மீட்ட அல்லி இருக்கிறாள். மகிடனை வதைத்த துர்க்கை இருக்கிறாள். பாத்திரம் பெண்ணாகவும் உடம்பு ஆணாகவும் இருந்த காலம் மெல்ல மெல்ல மாறியது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கர்ணன் போர் (1962), இராவணேசன் (1964) என்று கூத்தைச் சுருக்கிச் செம்மையாக்கிப் முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். கூத்து பல்கலைக்கழகத்துக்கும் பாடசாலைக்கும் வந்தபிறகு அதைப் பழகியவர்களில் பெண்களும் இருந்தார்கள். இன்றைக்கு என்னிடம் நாடகமும் அரங்கியலும் படிக்க வருகிறவர்களில் பெரும்பாலும் பெண்பிள்ளைகள்தான். இராவணன் வேண்டுமென்றாலும் அவர்களுக்குள்தான் தேட வேண்டும். போன முறை இராவணனாக ஆடிய பிள்ளைக்கு உயரம் ஐந்தடிகூட இல்லை. குரல் மட்டும் குளக்கட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

வேறு நாடுகளில் பெண்கள் இதைச் செய்கிறார்களா?

எப்போதோ தொடங்கிவிட்டார்கள். ஜப்பானில் கபுகி என்ற ஆடல் நாடகத்தைத் தொடங்கியவர் ஒகுனி என்ற பெண். 1603ஆம் ஆண்டளவில் ஆண் வேடமிட்டு இடுப்பில் வாளோடு ஆடினார். 1629இல் பெண்கள் மேடையேறவே தடை வந்துவிட்டது. அதே நாட்டில் 1914இல் முதல் மேடையேறிய தக்கராசுக்கா குழுவில் இன்றுவரை எல்லா வேடமும் பெண்களே. பிரான்சில் சாரா பெர்னார்ட் 1899இல் ஹம்லெட்டாக நடித்தார். அந்த நாடகத்தின் கடைசியில் வாள்சண்டை உண்டு என்பது படித்தவர்களுக்குத் தெரியும்.

சண்டையில் பொறுப்பு யாருக்கு? அடிப்பவருக்கா, அடி வாங்குபவருக்கா?

இந்த ஒரு பதிலை மட்டும் வாசித்துவிட்டுப் போனாலும் போதும். அடி வாங்குபவர்தான் நடத்துகிறார். அடிப்பவர் அவருக்குப் பின்னால் போகிறார். புதிதாக வருகிற பிள்ளைகள் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். நல்ல பலசாலியை அடிப்பவராகப் போட்டு, மெலிந்த பிள்ளையை விழவிடுகிறார்கள். உண்மையில் விழுகிற பிள்ளைக்குத்தான் கூடுதல் பயிற்சி தேவை.

பாஞ்சாலியைத் துச்சாதனன் கூந்தலைப் பிடித்து இழுத்துவரும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். துச்சாதனன் முடியைப் பிடிப்பதே இல்லை. வெறுங்கையைப் பொத்திப் பாஞ்சாலியின் உச்சந்தலையில் வைக்கிறான். பாஞ்சாலி தன் இரண்டு கைகளாலும் அந்தக் கையைப் பிடித்துத் தலையோடு அழுத்திக்கொள்கிறாள். பார்ப்பவருக்கு அவள் கையை விடுவிக்கப் போராடுவது போல இருக்கும். உள்ளே நடப்பது நேரெதிர். அவள் அழுத்துவதால்தான் கை தலையில் நிற்கிறது, அவள் நடப்பதால்தான் அவன் நகர்கிறான். ஏதும் பிசகினால் பாஞ்சாலி கையை விட்டால் போதும், காட்சி அந்த இடத்திலேயே நின்றுவிடும். இழுபடுகிறவளுடைய கையில் அத்தனையும் இருக்கிறது.

கழுத்தை நெரிப்பதும் அப்படித்தான். நெரிப்பவரின் உள்ளங்கை தொண்டையில் படவே கூடாது. காறை எலும்பின் மேல் விரிந்து கிடக்கட்டும். நெரிபடுபவர் அந்த மணிக்கட்டுகளைப் பிடித்துத் தன் பக்கம் அழுத்துவார். நெரிப்பவர் வெளியே இழுப்பார். இரண்டு பேருடைய கையும் நடுங்குவதைப் பார்த்துச் சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். நெரிபடுபவரோ தாராளமாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்.

கன்னத்தில் அறைகிற காட்சியில் உண்மையாகவே அறைய வேண்டாமா? அப்போதுதானே இயல்பாக இருக்கும்?

வேண்டாம். இதைக் கேட்கிற நெறியாளரிடம் முதலில் உங்கள் கன்னத்தைக் கொடுங்கள் என்று சொல்லுங்கள். காதுப்பக்கம் பட்டால் செவிப்பறை கிழியக்கூடும்.

இருவரும் ஒரு கை நீளத்துக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். ஒருவரின் முதுகு சனத்தின் பக்கம் இருக்க வேண்டும், அப்போதுதான் இடைவெளி தெரியாது. முதலில் கண்ணைப் பார்ப்பது, இரண்டு பேரும் தயார் என்பதற்கு அதுதான் அடையாளம். பிறகு கை ஓங்கும். கை முகத்தைக் கடக்கிற கணத்தில் அறை வாங்குபவர் தலையைத் திருப்பி, நெஞ்சுக்கு முன்னால் ஒரு தரம் கையைத் தட்டி, தட்டிய கையை அப்படியே கன்னத்துக்குக் கொண்டுபோவார். சத்தம் அங்கிருந்துதான். மத்தளக்காரர் கெட்டிக்காரராக இருந்தால் கைதட்டலும் வேண்டாம்.

வாள், சூலம் எல்லாம் எதில் செய்வது?

மெய்யான இரும்பு வாள் வேண்டாம், மழுங்கியதென்றாலும் வேண்டாம். பாலை, முதிரை போன்ற வைரமரமும் வேண்டாம், பாரம் தாங்காமல் மணிக்கட்டு சோரும். பனஞ்சலாகையில் சிராய் ஏறும். நான் முள்முருக்குப் பலகையில் வெட்டுவிக்கிறேன். பாரமே இல்லை. நுனியையும் விளிம்பையும் உருட்டி, அரத்தாள் போட்டு, வெள்ளி நிறம் பூசினால் இரவு வெளிச்சத்தில் மின்னும். வாளோடு வாள் முட்டுகிற காட்சிக்கு அது உடையும். அதற்கு எஸ்லோன் குழாயில் துணி சுற்றி ரேப் ஒட்டிப் பாவிக்கிறோம். கேடயத்துக்கு ரெஜிபோம் நல்லது. ஆனால் வெறும் ரெஜிபோம் காற்றுக்குப் பறக்கும், பின்பக்கம் காட்போட் ஒட்டுங்கள்.

சூலம்தான் எனக்குப் பயம். வாணி விழாவில் துர்க்கையின் கையில் கொடுக்கிற சூலத்துக்கு மூன்று முனை, அதை ஏந்துவதோ ஒன்பது வயதுப் பிள்ளை. முனைகளைக் கடற்பஞ்சில் செய்து துணி போர்த்துங்கள். குத்து மகிடனின் நெஞ்சுக்குப் போகக்கூடாது. அவனுடைய கைக்கும் உடம்புக்கும் நடுவில், சனத்துக்குத் தெரியாத பக்கத்தால் போகட்டும். அவன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விழுவான்.

என் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. ஏ/எல் படிக்கிற காலத்தில், ஒரு பாடசாலை மேடையில் வாங்கியது. ஒத்திகைக்கு மட்டை வாள், நிகழ்ச்சியன்று யாரோ அழகாக இருக்கட்டுமென்று தகரவாள் கொண்டுவந்து தந்தார்கள். நீளம் நான்கு விரல் கூட. நான் விலக வேண்டிய தூரத்துக்கு விலகினேன், வாள் அந்த நான்கு விரலால் வந்து சேர்ந்தது. மூன்று தையல். ஒத்திகையில் எந்த வாளோ மேடையிலும் அதே வாள்தான் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் அதுதான்.

விழப் பழக்குவது எப்படி?

முதலில் இருக்கப் பழகுங்கள். ஒரு காலைப் பின்னால் எடுத்து, முழங்காலை மடக்கி, மெல்ல இறங்கி, பிட்டத்தின் ஒரு பக்கச் சதையில் இருந்து, தொடை, தோள் என்று சரிய வேண்டும். முழங்கால், முழங்கை, நாரி எலும்பு, தலை நான்கும் நிலத்தில் இடிக்கக் கூடாது. கையை ஊன்றி விழுகிற பழக்கத்தை விடுவிப்பதுதான் கடினம், மணிக்கட்டு அப்படித்தான் உடைகிறது. எங்களுக்கு ஒரு வசதி, கோயில் வீதி மணல். முதல் வாரம் முழுக்க மணலில் விழுந்து பழகிவிட்டுத்தான் சீமெந்து மேடைக்குப் போவோம். கல்லும் போத்தல் ஓடும் கிடக்கிறதா என்று முதலில் காலால் துழாவுங்கள்.

உடுப்பு, முடி, நகை?

ஒத்திகைக்குப் பஞ்சாபி போதும், தோளில் போடுகிற சோலைக் கழற்றி வைத்துவிட வேண்டும். சேலை கட்டித்தான் மேடையில் ஆடுவதென்றால் ஒத்திகையிலும் கட்டிப் பழக வேண்டும். கொசுவம் கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். கண்ணாடிக் காப்பு, தொங்கட்டான், மோதிரம் கழற்றியாக வேண்டும். சலங்கை கட்டியவர் உதைக்கிற காட்சி வைக்காதீர்கள்.

தாலிக்கொடி என்பது தனிக்கேள்வி. மாதர் சங்கத்து அக்காமார் கழற்றமாட்டார்கள், கழற்றச் சொல்லவும் நான் தயாரில்லை. சட்டைக்குள் விட்டு, மேலே ஒரு பருத்தித் துணியை நெஞ்சைச் சுற்றிக் கட்டிவிடுகிறோம். ஊசி குத்தினால் விழும்போது அதுவே ஆயுதமாகிவிடும்.

மாதவிடாய் நாட்களில் பழகலாமா?

பிள்ளைக்கு இயலுமென்றால் பழகலாம், இயலாதென்றால் இருந்து பார்க்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. கோயில் வீதியில் ஒத்திகை வைக்கும்போது இதனால் பிள்ளைகள் வராமல் விடுகிறார்கள் என்பதைக் கண்டபிறகு, வாரத்தில் இரண்டு நாள் ஒத்திகையை வாசிகசாலை முற்றத்துக்கு மாற்றிவிட்டேன்.

ஆண்பிள்ளைகளோடு சேர்ந்து சண்டை செய்ய அனுப்பலாமா, ரீச்சர்?

அம்மாமாரின் முதல் கேள்வி இதுதான், நியாயமான கேள்வி. எந்தக் கை எங்கே படும் என்பதை இருவரும் எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்லித்தான் தொடங்குவோம். "என் வலது கை உன் இடது மணிக்கட்டைப் பிடிக்கும், சரியா?" "சரி." இதை ஒவ்வொரு நாளும் கேட்க வேண்டும். நேற்றுச் சரி என்றவள் இன்று வேண்டாம் என்றால் அந்த அசைவை மாற்றிவிடுவோம். தாய்மார் வந்திருந்து பார்க்கலாம், பாயும் தேத்தண்ணியும் உண்டு. மறைத்துச் செய்ய இதில் ஒன்றும் இல்லை. முழுக்கப் பெண்பிள்ளைகளை வைத்தே இரண்டு படையும் செய்தால் இன்னும் சுகம் என்பது என் அனுபவம். ஆண்பிள்ளைகளைவிட அவர்கள் எண்ணிக்கையை ஒழுங்காகப் பிடிக்கிறார்கள். அண்ணாவியார் ஒருவர் இதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டார், இருந்தாலும் எழுதுகிறேன்.

யுத்தத்தைக் கண்ட சனத்துக்கு முன்னால் இதைச் செய்யத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்வி வேறெங்கும் வராது, வன்னியில் வரும். என்னிடம் கேட்டவர் பார்வையாளர் அல்ல, என்னோடு ஆடிய ஒரு அக்கா.

2009ஐக் கடந்து வந்த சனத்துக்கு அடி எப்படி விழும், ஆள் எப்படிச் சாயும் என்று நாங்கள் காட்டித் தரத் தேவையில்லை. மெய்போலவே செய்துகாட்டுகிற மேடைச் சண்டை சினிமாவுக்கு நல்லதாக இருக்கலாம். இங்கே அது தேவையில்லாத வேலை என்று நினைக்கிறேன். முன்பொரு ஒத்திகையில் போர்க்காட்சிக்குச் சத்தம் வேண்டுமென்று ஒரு தம்பி சீனவெடியைக் கொளுத்திவிட்டான். மதிலடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஆச்சி பேரப்பிள்ளையை இழுத்து மடிக்குள் அமத்திக்கொண்டு நிலத்தோடு நிலமாகக் குனிந்துவிட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு ஒத்திகையை அத்தோடு நிறுத்தினோம்.

அதன்பிறகு வெடி இல்லை, புகை இல்லை, சிவப்புச் சாயம் இல்லை. கூத்தின் வழிக்கே திரும்பினோம். சண்டை தாளத்தில் நடக்கும், பொய் என்று எல்லோருக்கும் தெரியும்படி நடக்கும். இறப்பவர் சுழன்று ஆடி, மத்தளம் தளரத் தளர அவரும் தளர்ந்து, ஒரு முழங்காலில் இருப்பார். உடல்களை வரிசையாகக் கிடத்துவதில்லை. விழுந்தவர் எழுந்து, சனத்துக்கு முதுகு காட்டி நடந்து, பிற்பாட்டுக்காரரோடு போய் நின்று பாடுவார். போர் முடியும்போது மேடையில் ஆட்கள் குறைந்து பாட்டில் குரல்கள் கூடியிருக்கும். கேள்வி கேட்ட அக்கா இந்த மாற்றத்துக்குப் பிறகுதான் மீண்டும் ஆட வந்தார். சிலர் அப்போதும் எழுந்து போவார்கள். போகட்டும். வாசல் பக்கம் வழியை மறித்துக் கதிரை போடாதீர்கள்.

செயற்கைக் கால் உள்ளவர்கள், உடம்பில் செல் துண்டு உள்ளவர்கள் சேரலாமா?

சேரலாம், சேர்ந்தும் இருக்கிறார்கள். எங்கே படக்கூடாது, எந்தப் பக்கம் திரும்ப முடியாது என்பதை அவரே எனக்குத் தனியாகச் சொல்லட்டும். ஏன் என்று நான் கேட்பதில்லை. அவரோடு ஆடுபவருக்கும் "இந்தத் தோளைத் தொடாதே" என்று மட்டும் சொல்வேன். செயற்கைக் கால் போட்டவரை அசையாத நடுப்புள்ளியாக வைத்து மற்றவர்கள் அவரைச் சுற்றிவந்து தாக்கினால் அந்தக் காட்சிக்கு ஒரு தனிப் பலம் வருகிறது. சனம் சுற்றிவர இருந்து பார்க்கிற வட்டக்களரிக்கு அது நன்றாகவே பொருந்தும்.

பண்டாரவன்னியனில் வெள்ளைக்காரர் துவக்கோடு வருவார்களே, அதற்கு?

பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியது 1803 ஓகஸ்ட் 25. அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் கப்டன் டிறிபேர்க்கிடம் தோற்றதாக அங்கே நடுகல் இருந்தது. துவக்கில்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாதுதான். நாங்கள் வெள்ளைக்காரரின் கையில் நீளத் தடி மட்டும் கொடுக்கிறோம். தடி தோளுக்கு ஏறும்போது மத்தளம் நின்றுவிடும். அந்த மௌனம்தான் சூடு. பொம்மைத் துவக்கைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு வீதியால் போகிற வேலை எங்கள் ஊரில் வேண்டவே வேண்டாம். படைச்சீருடை மாதிரியான துணியும் அப்படித்தான், வைத்திருப்பதே சட்டச் சிக்கல்.

கண்ணகி சிலம்பை உடைக்கிறாளே, அதையும் சண்டை என்று எண்ணிப் பழக வேண்டுமா?

கட்டாயம். கோபத்தில் கை எங்கே போகுமென்று அந்தப் பிள்ளைக்கே தெரியாது. சிலம்பைப் பாண்டியனின் முகத்தை நோக்கி எறியவிடாதீர்கள். அவனுக்கு நான்கு முழம் முன்னால், தரையில் ஒரு புள்ளி போட்டு அதைக் குறிபார்க்கட்டும். உள்ளே உண்மையான பரல் வேண்டாம், சிதறினால் அடுத்த காட்சியில் வெறுங்காலோடு வருகிறவருக்குத்தான் வினை.

எத்தனை நாள் பழக வேண்டும்?

ஒரு நிமிடச் சண்டைக்கு எனக்கு மூன்று வாரமாவது வேண்டும். முதல் வாரம் தண்ணீருக்குள் நடக்கிற வேகம். இரண்டாம் வாரம் பாதி வேகம். மூன்றாம் வாரம் முக்கால், மேடையிலும் அந்த முக்காலைத் தாண்டக் கூடாது. சனத்தின் கைதட்டலில் பிள்ளைகள் தாங்களே வேகத்தைக் கூட்டுவார்கள், அதைத் தாளத்தைப் பிடித்து நிறுத்துவது மத்தளக்காரரின் பொறுப்பு. நிகழ்ச்சியன்று, ஒப்பனைக்கு முதல், சண்டையை மட்டும் மெதுவாக ஒரு தரம் ஓட்டிப் பார்க்காமல் மேடையேற்றுவதில்லை. பிரதம விருந்தினர் வந்துவிட்டார் என்று அவசரப்படுத்தினாலும் சரி. வெயில் தாழ்ந்து நான்கரைக்குப் பிறகு பழகுங்கள், தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

அடிபட்டுவிட்டால்?

ஆடுவதை நிறுத்துங்கள். சுளுக்குக்கு ஐஸ். தலையில் பட்டு, பிறகு சத்தி, மயக்கம், குழப்பமான பேச்சு, வழமைக்கு மாறான நித்திரை இருந்தால் நேரே ஆஸ்பத்திரி. விடியட்டும் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம்.

இதைப் பழகினால் பிள்ளை வீட்டிலும் சண்டை பிடிக்காதா?

தம்பிமாரோடு ஏற்கனவே பிடிக்கிற சண்டைக்கு நான் பொறுப்பல்ல. ஒரு அம்மா மட்டும், மகள் இப்போது கைதட்டிக்கொண்டு கன்னத்தைப் பொத்தி அழுது தம்பிக்கு ஏச்சு வாங்கிக் கொடுக்கிறாள் என்று முறையிட்டார். அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

நிகழ்ச்சி முடிந்தபின் வாள்களை என்ன செய்வது?

திரை விழுந்தவுடன் எண்ணுங்கள். மேடைக்கு வரும்போது ஆறென்றால் இறங்கும்போதும் ஆறு. சாக்கில் கட்டி ஒருவரின் பொறுப்பில் விடுங்கள். போன வாணி விழாவில் ஐந்துதான் இருந்தது. ஆறாவதைத் தேடிப் போனால், அவல் கடலை கொடுக்கிற இடத்தில் ஒரு நான்கு வயதுக்காரன் அதை வைத்துக்கொண்டு வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். அதிபர்கூட வரிசையில்தான் நின்றார்.